170 சதுர அடி கேனபி இப்போது வேண்டாம்: புதிதாக ஸ்கைடைவிங் செய்பவருக்கு ரிக், பயிற்சி, லைசன்ஸ் பற்றி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஸ்கைடைவிங்கில் ஏ.எஃப்.எஃப். (பயிற்றுநர் கூடவே குதித்துக் கற்றுத்தரும் முறை) நிலைகளை எல்லாம் தாண்டிவிட்டீர்கள், 12 ஜம்ப் ஆகியிருக்கிறது. உடல் எடை 75 கிலோ. ட்ராப்ஸோனில் (குதிக்கும் மைதானத்தில்) பழக்கமான ஒருவர் தன் பழைய ரிக்கை, அதாவது முதுகில் மாட்டும் பாராசூட் தொகுதியை, தருவதாகச் சொல்கிறார்: மெயின் கேனபி (வழக்கமாகத் திறக்கும் பாராசூட்டின் விரிப்பு) 170 சதுர அடி, ரிசர்வ் (அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்) 143 சதுர அடி, உள்ளே ஏஏடியும் (தாழ்வில் ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி) இருக்கிறது. "கொஞ்ச நாள்ல கைக்கு வந்துடும்" என்கிறார். அதை வாங்கலாமா, ஏஏடியும் ஆர்எஸ்எல்லும் (மெயினைக் கழற்றியதும் ரிசர்வைத் திறக்கும் பட்டை) அவசியமா, முதல் படியான ஏ லைசன்ஸுக்கு இன்னும் என்ன பாக்கி, விண்ட் டனலில் (மேல்நோக்கி வீசும் காற்றில் மிதந்து பழகும் கூடம்) பணம் போட்டால் சீக்கிரம் தேறலாமா, இடையில் மூன்று மாதம் குதிக்க முடியாமல் போனால் என்ன செய்வது? இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள்.

ரிக் விஷயத்துக்கு நேராக வருகிறேன். வாங்க வேண்டாம். விற்கிறவரை நான் சந்தேகப்படவில்லை, அவருக்கு அந்தக் கேனபி சரியாகவே இருந்திருக்கும். 12 ஜம்ப் ஆன 75 கிலோ ஆளுக்கு அது சிறியது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

விமானத்தை விட்டு வெளியேறும்போது உங்கள் உடம்போடு சேர்ந்து வரும் எல்லாவற்றின் எடையும் கணக்கில் வரும். 75 கிலோ உடம்பு, அப்புறம் ரிக், ஹெல்மெட், ஜம்ப்சூட், ஷூ எல்லாம் சேர்த்து 88 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 194 பவுண்டு. இதைக் கேனபியின் சதுர அடியால் வகுத்தால் கிடைப்பதுதான் விங் லோடிங். பள்ளியின் 230 சதுர அடி கேனபியில் உங்களுக்கு அது 0.84. அந்த 170-இல் 1.14. அமெரிக்கப் பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ., ஏ லைசன்ஸும் பி லைசன்ஸும் வைத்திருப்பவர்கள் 1.0-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது. சி லைசன்ஸுக்கு 1.2, டி லைசன்ஸுக்கு 1.4. நீங்கள் இன்னும் ஏ லைசன்ஸே வாங்கவில்லை.

0.84-க்கும் 1.14-க்கும் இடையில் இருப்பது சின்ன தசம வித்தியாசம் போலத் தோன்றும். தரையில் அது எப்படி வெளிப்படும் என்று பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு கேனபிகளில், பறக்கும் வேகத்தின் வர்க்கம் விங் லோடிங்கோடு நேர்விகிதத்தில் ஏறும். அடிபடும்போது உடம்பு தாங்க வேண்டிய ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தோடுதான் ஏறும். ஆக 230-இலிருந்து 170-க்கு இறங்கினால், ஃப்ளேர் (இறங்கும் கணத்தில் இரண்டு பிரேக்கையும் இழுத்து வேகத்தைக் குறைப்பது) தவறிய ஒரு தரையிறக்கத்தில் உங்கள் கணுக்காலும் முழங்காலும் வாங்கும் அடி ஏறக்குறைய 35 சதவீதம் கூடுகிறது. அதே எடை, அதே ஆள், அதே தப்பு.

வேகம் மட்டுமல்ல. சிறிய கேனபியில் லைன்கள் குட்டை. டாகிளை (திருப்பவும் பிரேக் போடவும் பிடிக்கும் கைப்பிடியை) அதே அளவு இழுத்தாலும் அது சட்டென்று திரும்பும், திரும்பும்போது அதிக உயரத்தை இழக்கும், மறுபடி சமநிலைக்கு வந்து பறக்க அதற்கு நேரம் வேண்டும். 230-இல் 100 அடி உயரத்தில் பதறி ஒரு டாகிளை இழுத்தால் ஓரளவு திரும்பி, கொஞ்சம் வேகமாக இறங்குவீர்கள். 170-இல் அதே கை அசைவு உங்களைக் கேனபியின் பக்கவாட்டில் தூக்கிப்போட்டு, நீங்கள் மறுபடி அதன் கீழே ஊசலாடி வருவதற்குள் தரை வந்துவிடும். அவர் சொல்கிற "கைக்கு வந்துடும்" உண்மைதான், நிதானமாக எல்லாம் நடக்கும் நாட்களில் வந்துவிடும். காற்று திசை மாறி, முன்னால் வேலி வந்து, கூடவே இன்னொருவர் குறுக்கே பறக்கிற நாளில் கை பழைய அளவுக்குத்தான் இழுக்கும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாராசூட் திறக்காமல் போவதுதான் இந்த விளையாட்டின் ஆபத்து என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். புதிதாகக் கற்பவர்களும் மனதில் அந்தப் பயத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் எலும்பு முறிவுகளும், உயிரிழப்புகளில் பெரிய ஒரு பகுதியும், ஒரு குறையும் இல்லாமல் அழகாகத் திறந்த கேனபிக்கு அடியில், தரைக்கு மிக அருகில் போட்ட திருப்பத்தால் நடக்கின்றன. இந்தக் கோணத்தில் பார்த்தால் ரிக், பயிற்சி, லைசன்ஸ் மூன்றும் ஒரே கேள்வியாகிவிடும்: கடைசி 1,000 அடியை உங்களால் எப்படிப் பறக்க முடிகிறது?

தரையிறங்கும்போது எதற்கு முன்னுரிமை என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். முதலில் கேனபி மட்டமாக இருக்க வேண்டும். அடுத்தது தடை இல்லாத திறந்த இடம். மூன்றாவது, குறைந்தது பாதி பிரேக் அளவுக்காவது ஃப்ளேர். நாலாவது, கால்களைச் சேர்த்து உருண்டு விழும் பி.எல்.எஃப். இந்த நாலிலும் "காற்றை எதிர்கொண்டு இறங்கு" என்பது இல்லை, கவனித்தீர்களா? காற்றுக்கு எதிராக இறங்குவது நல்லதுதான், வசதியானதும்கூட. ஆனால் 80 அடி உயரத்தில், ஐயோ காற்று பின்னாலிருந்து வருகிறதே என்று திரும்ப முயன்றால் முதல் விதியே போய்விடும். காற்றோடு சேர்ந்து, மட்டமான கேனபியில், முழு ஃப்ளேர் கொடுத்து, உருண்டு எழுந்தால் உடையில் புல் கறை படியும், அவ்வளவுதான். தாழ்வில் திரும்பினால் ஆம்புலன்ஸ். பெரிய கேனபி இந்த முடிவை நிதானமாக எடுக்க உங்களுக்குக் கூடுதல் நொடிகள் தருகிறது. அதற்காகத்தான் அதைச் சொல்கிறேன்.

சரி, ரிசர்வ் 143. இதைப் பற்றி யாருமே கேட்பதில்லை, எனக்கோ மெயினைவிட இதுதான் கவலை. உங்கள் எடைக்கு அதன் விங் லோடிங் 1.36 வருகிறது. ரிசர்வ் எப்போது திறக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மெயின் கோளாறாகி, நீங்கள் பதற்றத்தில், வழக்கத்தைவிடத் தாழ்வாக, ஒருவேளை தெரியாத இடத்துக்கு மேலே இருக்கும்போது. இன்னும் மோசமான நிலையில், யாரோ மோதி நீங்கள் நினைவிழந்திருக்க, ஏஏடி அதைத் திறந்திருக்கும். அப்போது டாகிளை யாரும் இழுக்கப்போவதில்லை. பிரேக் கட்டிய நிலையிலேயே, அது போகிற திசையிலேயே, ஃப்ளேர் இல்லாமல் நிலத்தில் போய்ச் சேர வேண்டும். அந்த நிலைக்கு 143 உங்களுக்குப் போதாது. ரிசர்வின் லேபிளில் தயாரிப்பாளர் அதிகபட்ச எடை அச்சிட்டிருப்பார், அதற்குள் இருந்தால் சட்டப்படி சரி. சட்டப்படி சரி என்பது உங்களுக்கு ஏற்றது என்று ஆகிவிடாது.

அப்படியானால் எதை வாங்குவது? இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பள்ளி ரிக்கிலேயே லைசன்ஸை முடியுங்கள். அதற்குள் 230-இலிருந்து 210, முடிந்தால் 190 வரை, பயிற்றுநரின் ஒப்புதலோடு ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் இறங்கிப் பாருங்கள். அடுத்த அளவுக்குப் போவதற்கு முன் இருக்கிற கேனபியில் சில வேலைகள் கைவர வேண்டும்: இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி உயரம் அதிகம் இழக்காமல் தட்டையாகத் திரும்புவது, ஃப்ளேரின் நடுவிலேயே திசை திருத்துவது, பாதி பிரேக்கில் இறங்குவது, பின் ரைசரை (தோளிலிருந்து லைன்களுக்குப் போகும் பட்டையை) பிடித்துத் திருப்புவது. இவற்றை முதலில் உயரத்தில் செய்து பழகுங்கள். அப்புறம்தான் 190 அல்லது 210 போகக்கூடிய, ரிசர்வும் ஏறக்குறைய அதே அளவில் உள்ள ஒரு கன்டெய்னரை (இரண்டு பாராசூட்டையும் அடக்கும் பையை) தேடுங்கள். 194 பவுண்டுக்கு 190 சதுர அடியே 1.02 வந்துவிடுகிறது, அதனால் 210-இல் தொடங்கினால் எந்த நஷ்டமும் இல்லை.

பழைய ரிக் வாங்கும்போது, உங்களுக்கும் விற்பவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு ரிக்கரிடம் (பாராசூட்களை மடித்துப் பராமரிக்கச் சான்று பெற்றவரிடம்) முழுவதுமாகத் திறந்து காட்டுங்கள். ரிசர்வ் உட்பட. லைன்களின் நிலை, துணியில் காற்று ஊடுருவும் அளவு, ஹார்னஸின் தையல், வெல்க்ரோ, மூன்று வளையங்கள், தயாரிப்பு நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் அவர் பார்ப்பார். பணம் கொடுப்பதற்கு முன் இது நடக்க வேண்டும். ஹார்னஸை மாட்டிக்கொண்டு தொங்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள். மற்றவர் உயரத்துக்குத் தைத்த ஹார்னஸில் தொங்கும்போது தோள்பட்டை மேலே ஏறி, கைப்பிடிகள் நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் போகும். கோளாறான மெயினைக் கழற்றிவிடும் சிவப்புக் கட்அவே பிடியைத் தேட வேண்டிய நேரத்தில் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

ஏஏடி இருக்கிறது என்று அவர் சொன்னால் முதல் கேள்வி அதன் தயாரிப்பு மாதமும் ஆண்டும். இந்தக் கருவிகளுக்கு ஆயுள் உண்டு. 2016 முதல் தயாரான சைப்ரஸ் பிராண்டுக்கு 15 ஆண்டு 6 மாதம், விஜில் பிராண்டுக்கு 20 ஆண்டு. ஆயுள் முடிய இரண்டு ஆண்டே பாக்கி இருந்தால் அதற்கேற்ப விலையைப் பேசுங்கள், முடிந்துவிட்டதென்றால் அதற்கு மதிப்பே இல்லை. எந்த மோடில் இருக்கிறது என்றும் பாருங்கள். மாணவர் மோட், எக்ஸ்பர்ட் மோட், வேகமாக ஸ்வூப் செய்து இறங்குபவர்களுக்கான மோட் என்று தனித்தனியாக உண்டு, திரும்பும் வேகத்தில் மாணவர் மோட் கேனபிக்கு அடியிலேயே தூண்டப்படலாம்.

ஏஏடி என்ன செய்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டால் அதைத் தப்பாக நம்ப மாட்டீர்கள். ஹெல்முட் க்ளோத்தின் ஏர்டெக் நிறுவனம் 1991-இல் சைப்ரஸைக் கொண்டுவந்த பிறகுதான், நம்பகமான எலக்ட்ரானிக் ஏஏடி சாதாரண ஸ்கைடைவரின் முதுகில் ஏறியது. காற்றழுத்தத்தை இடைவிடாமல் அளந்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடும். எக்ஸ்பர்ட் மோடில், சுமார் 750 அடி உயரத்தில் நீங்கள் இன்னும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேலான வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடிவைத்திருக்கும் லூப்பைச் சின்ன ஒரு கட்டரால் அறுத்துவிடும். வேலை அவ்வளவுதான். வயிற்றைக் கீழே வைத்து விழுகிறவரின் வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர், அந்த வேகத்தில் 750 அடி என்பது நாலு நொடிக்குக் கொஞ்சம் மேல். அந்த நாலு நொடிக்குள் ரிசர்வ் வெளியே வந்து முழுவதுமாக மலர வேண்டும். உங்களால் எதுவும் செய்ய முடியாமல் போன கணத்துக்காக வைத்த கடைசி வாய்ப்பு அது. "ஏஏடி இருக்கே" என்று மனதின் ஓரத்தில் நினைத்துக்கொண்டு மெயினோடு மல்லுக்கட்டினால், தாழ்வில் மெயினும் ரிசர்வும் ஒன்றாகத் திறந்து இரண்டு கேனபிகளோடு தொங்க நேரிடலாம்.

இன்னொன்று, ஏஏடியை எப்போதும் குதிக்கப்போகிற இடத்தில்தான் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்த இடத்தின் தரைமட்டத்தையே அது பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்கிறது. வீட்டிலேயே ஆன் செய்து காரில் போட்டுக்கொண்டு வந்து, ட்ராப்ஸோன் வேறு உயரத்தில் இருந்தால், அதன் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

ஆர்எஸ்எல் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். அது மெயினின் ஒரு ரைசரிலிருந்து ரிசர்வ் பின்னுக்குப் போகும் ஒரு பட்டை. நீங்கள் மெயினைக் கட்அவே செய்ததும், பிரிந்து போகிற ரைசர் அந்தப் பின்னை இழுத்து ரிசர்வைத் திறந்துவிடும். பாராசூட் வடிவமைப்பாளர் பில் பூத்தின் ஸ்கைஹூக் போன்ற அமைப்புகள் ஒரு படி மேலே போய், பிரியும் மெயினின் இழுவிசையாலேயே ரிசர்வை வெளியே எடுக்கின்றன. கட்அவேயை எளிதாக்கிய மூன்று வளையப் பூட்டும் அவருடைய கண்டுபிடிப்புதான், 1970-களில் வந்தது. அதற்கு முந்தைய பூட்டுகளோடு ஒப்பிட்டால், ஒரே பிடியை இழுத்து இரண்டு ரைசரையும் ஒரே நேரத்தில் விடுவிக்க முடிந்தது பெரிய மாற்றம்.

புதியவருக்கு ஆர்எஸ்எல் வேண்டும், சந்தேகமே வேண்டாம். யு.எஸ்.பி.ஏ. விதிப்படி மாணவர் ரிக்கில் ஆர்எஸ்எல்லும் வேலை செய்கிற ஏஏடியும் கட்டாயம். அனுபவம் மிக்க சிலர் ஹெல்மெட்டில் கேமரா இருப்பதாலோ, வேறு தனிக் காரணத்தாலோ அதைக் கழற்றிவைப்பார்கள். அவர்கள் காரணங்கள் உங்களுக்குப் பொருந்தாது. மெயினைக் கட்அவே செய்துவிட்டு, ரிசர்வ் பிடியை இழுக்கத் தாமதித்து உயிரிழந்தவர்கள் உண்டு, அந்தத் தாமதத்தை ஆர்எஸ்எல் இல்லாமல் செய்கிறது. ஆனால் அது இருந்தாலும் இரண்டு பிடியையும் இழுக்கிற பழக்கத்தை விடாதீர்கள். மெயின் கன்டெய்னரிலிருந்தே வெளியே வராவிட்டால் ஆர்எஸ்எல்லுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு சின்ன விஷயமும் இருக்கிறது: பலத்த காற்றில் தரையில் கேனபி உங்களை இழுத்துக்கொண்டு போனால், கட்அவே செய்வதற்கு முன் ஆர்எஸ்எல் கொக்கியைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ரிசர்வும் திறந்து கொள்ளும், ரிக்கரிடம் போக வேண்டியிருக்கும்.

மற்ற சாமான்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கெட்டியான ஹெல்மெட், கண்ணை இறுக்கமாக மூடும் கண்ணாடி, கொக்கி இல்லாத ஷூ, கையில் கட்டும் ஆல்டிமீட்டர் (உயரங்காட்டி). முதலில் சொந்தமாக வாங்கத் தகுந்தது ஆல்டிமீட்டரும் ஹெல்மெட்டும்தான். காதில் ஒலிக்கும் ஆடிபிள் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், அது கைக்கடிகார ஆல்டிமீட்டருக்குத் துணையாக மட்டும் இருக்கட்டும். கேமராவுக்கு 200 ஜம்ப் வரை பொறுங்கள், விங்சூட்டுக்கும் அதே 200 ஜம்ப் என்பது யு.எஸ்.பி.ஏ. விதி.

லைசன்ஸ் விஷயத்துக்கு வருவோம். நாட்டுக்கு நாடு எண்ணிக்கை மாறும். பிரிட்டனில் ஏ.எஃப்.எஃப். வழியில் எட்டு நிலைகளோடு 10 உறுதிப்படுத்தும் ஜம்ப்புகள் சேர்ந்து 18-இல் ஏ லைசன்ஸ் வரும், பிறகு மற்றவர்களோடு சேர்ந்து குதிக்கத் தனித் தகுதி வாங்க வேண்டும். யு.எஸ்.பி.ஏ. வழியில் 25 ஜம்ப். நீங்கள் அந்த வழியில் இருப்பதாகத் தெரிகிறது, எனவே அதையே எடுத்துக்கொள்கிறேன். 25-ஐ முடித்தவுடன் லைசன்ஸ் தானாக வந்துவிடாது. தகுதி அட்டையில் ஒவ்வொரு திறனுக்கும் பயிற்றுநர் கையெழுத்து வேண்டும்: குறைந்தது இன்னொருவராவது உடன் இருக்கும் ஐந்து குழு ஜம்ப்புகள், இலக்கிலிருந்து 20 மீட்டருக்குள் யாருடைய ரேடியோ உதவியும் இல்லாமல் ஐந்து தரையிறக்கங்கள், உதவியில்லாமல் மெயினை மடிப்பது, விமானம் எங்கே வரும்போது குதிக்க வேண்டும் என்று பார்ப்பது. பிறகு எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, கடைசியாகப் பயிற்றுநர் சோதிக்கும் செக் டைவ்.

இவற்றில் புதியவர்கள் வேண்டாவெறுப்பாகச் செய்வது தாழ்வான வெளியேற்றம். 5,500 அடியில் ஒன்று, பிறகு 3,500 அடியில் ஒன்று, வெளியேறிச் சமநிலைக்கு வந்த உடனே திறக்க வேண்டும். ஃப்ரீஃபால் (பாராசூட் திறக்கும்வரை விழுவது) இல்லாத ஜம்ப்புக்கு ஏன் காசு என்று கேட்பார்கள். விமானத்தில் கோளாறு ஏற்பட்டு, பாதி உயரத்தில் "எல்லோரும் வெளியே" என்று விமானி சொன்னால், அன்று அதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். கூடவே அது கேனபிப் பறத்தலுக்குக் கிடைக்கும் அருமையான நேரம்.

திறக்கும் உயரத்தைப் பற்றி ஒரு கணக்கைப் பார்ப்போம். மாணவருக்கும் ஏ லைசன்ஸ் காரருக்கும் குறைந்தபட்சம் 3,000 அடி. கட்அவே செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உயரம் 2,500 அடி. இப்போது 3,000-இல் இழுத்தீர்கள் என்றால் என்ன நடக்கும்? பைலட் சூட் (மெயினை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட்) காற்றைப் பிடித்து, பை வெளியே வந்து, லைன்கள் நீண்டு, ஸ்லைடர் (கேனபி சட்டென்று திறக்காமல் மெதுவாக்கும் துணி) இறங்கி, கேனபி முழுதாக வருவதற்குள் 600 முதல் 1,000 அடி வரை போய்விடும். அதாவது தலைக்கு மேலே இருப்பது நல்ல கேனபியா இல்லையா என்று நிமிர்ந்து பார்க்கும்போதே முடிவெடுக்கும் உயரத்துக்குக் கீழே வந்திருப்பீர்கள். எனவே 3,000 என்பது தாண்டக் கூடாத எல்லை, திட்டமிட்டுத் திறக்கும் உயரம் அல்ல. உங்கள் நிலையில் 4,000-க்கு மேலேயே திறப்பது நல்லது. 2,500 அடியில் அந்தக் கேனபி சதுரமாக, சொன்னபடி திரும்பி, ஃப்ளேர் ஆகவில்லை என்றால் விவாதம் முடிந்தது. கைகள் சிவப்புக்கு, பிறகு வெள்ளிப் பிடிக்கு.

விமானத்தில் ஏறுவதற்கு முன்னும், வெளியேறுவதற்குச் சற்று முன்னும் மூன்று மூன்றாகச் சரிபாருங்கள். மூன்று வளையப் பூட்டுகள், கூடவே ஆர்எஸ்எல். நெஞ்சுப்பட்டையும் இரண்டு கால்பட்டைகளும் சரியாகக் கோத்திருக்கிறதா. பைலட் சூட், கட்அவே, ரிசர்வ் என்று மூன்று பிடிகளும் இடத்தில் இருக்கின்றனவா. பிடிகளைத் தொடும்போது கண்ணாலும் பாருங்கள், மனதுக்குள் முழு நடைமுறையையும் ஓட்டிப் பாருங்கள். தெரிந்தவர் ஒருவரைப் பின்பக்கப் பின்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சுருங்கும் பைலட் சூட் என்றால் அதை மெயினோடு இணைக்கும் ப்ரைடில் பட்டையில் ஒரு சிறிய சாளரம் இருக்கும், அதில் நிறம் தெரிந்தால்தான் அது காக் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது விரியத் தயாராக இருக்கிறது. நிறம் தெரியாமல் மடித்துவிட்டால் பைலட் சூட் வெளியே வந்தும் காற்றைப் பிடிக்காமல் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரலாம். மடிக்கும்போது செய்த ஒரு மறதி, 4,000 அடியில் உங்களுக்கு எமர்ஜென்சியாக வந்து நிற்கும். அதனால்தான் மெயினை மடிக்கக் கற்றுக்கொள்வதில் அவசரப்படாதீர்கள் என்கிறேன். லைன்கள் நேராக இருக்கின்றனவா, ஸ்லைடர் மேலே வரை தள்ளப்பட்டிருக்கிறதா, இரண்டு டாகிளும் ஒரே மாதிரி கட்டப்பட்டிருக்கின்றனவா, இந்த மூன்றுதான் என் பார்வையில் உயிர்நாடி. கேனபியை அழகாக மடிப்பதில் நேரத்தைச் செலவழித்துவிட்டு இவற்றை ஓரக்கண்ணால் பார்ப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். ரிசர்வை மட்டும் நீங்கள் தொடக் கூடாது, சான்று பெற்ற ரிக்கர்தான் மடித்து முத்திரையிட வேண்டும். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒரு முறை.

விண்ட் டனல் பற்றி. உடம்பைச் சமநிலையில் வைக்கவும், முன்பின்னாக நகரவும், மற்றவரை மெதுவாகப் பிடிக்கவும் டனலைப் போல் சீக்கிரம் கற்றுத்தரும் இடம் வேறில்லை. 13,000 அடியிலிருந்து குதித்தால் ஃப்ரீஃபால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், 25 ஜம்ப்பையும் கூட்டினால்கூட 20 நிமிடம் சுமாராகத்தான் தேறும். டனலில் ஒரே நாளில் அதை எட்டிவிடலாம். எனவே குழு ஜம்ப்புகளில் நீங்கள் தடுமாறினால் தாராளமாகப் போங்கள். ஆனால் டனலில் ஆல்டிமீட்டர் பார்க்கவோ, திறக்கவோ, தரையிறங்கவோ தேவையில்லை. ஃப்ரீஃபாலில் மட்டும் வேகமாகத் தேறியவருக்கு நண்பர்கள் பெரிய குழு ஜம்ப்புக்கு அழைப்பார்கள், கேனபியில் அவர் இன்னும் 15-ஆவது ஜம்ப்பில்தான் நின்றுகொண்டிருப்பார். பணம் குறைவு என்றால் என் ஓட்டு கேனபிப் பயிற்சி வகுப்புக்கு. யு.எஸ்.பி.ஏ. பி லைசன்ஸுக்கு 50 ஜம்ப், 30 நிமிட ஃப்ரீஃபால், 10 மீட்டருக்குள் 10 தரையிறக்கம், நீரில் இறங்கும் பயிற்சி, அதோடு கேனபித் திறன் அட்டை எல்லாம் கேட்கிறார்கள். அந்த அட்டையில் உள்ள பயிற்சிகளை இப்போதே செய்யத் தொடங்கலாம், பி லைசன்ஸ் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தரையிறங்கும் வட்டத்தையும் எண்ணோடு பழகுங்கள். 1,000 அடியில் காற்றோடு, 600-இல் குறுக்கே, 300-இல் காற்றுக்கு எதிராக. ஒவ்வொரு முறையும் மேலே போவதற்கு முன் இந்த மூன்று மூலைகளும் நிலத்தில் எந்த மரத்துக்கும் கட்டடத்துக்கும் மேலே வரும் என்று ட்ராப்ஸோன் படத்தில் விரல் வைத்துப் பாருங்கள். இறங்கியதும் எங்கே தவறியது என்று நாட்குறிப்பில் எழுதுங்கள்: இலக்கைத் தாண்டினேனா, குறைவாக வந்தேனா, காற்று எவ்வளவு. மாணவர்களுக்குக் காற்று வேக வரம்பு மணிக்கு 14 மைல், சுமார் 22 கிலோமீட்டர். லைசன்ஸ் வந்ததும் அந்த வரம்பு உங்கள் கைக்கு வந்துவிடும், அதனால்தான் பலர் முதல் முறையாகப் பலத்த காற்றில் குதிக்கிறார்கள். அன்று மற்றவர்கள் எல்லாம் போகிறார்களே என்று கிளம்பாதீர்கள். தரையில் உட்கார்ந்து மற்றவர்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று பார்ப்பதிலும் நிறையக் கற்கலாம்.

கடைசியாக அந்த மூன்று மாத இடைவெளி. லைசன்ஸ் வாங்குவதற்கு முன்னால் இடைவெளி விழுந்தால் மாணவருக்கு 30 நாள்தான் கணக்கு, அதற்குப் பிறகு பயிற்றுநரோடு மறுபயிற்சி ஜம்ப் வேண்டும். ஏ லைசன்ஸுக்கு 60 நாள், பி லைசன்ஸுக்கு 90 நாள். எனவே முடியுமானால் 25-ஐ முடித்துவிட்டு அந்த மூன்று மாதத்துக்குப் போங்கள். முடியவில்லை என்றால் பரவாயில்லை, திரும்பி வந்ததும் தொங்கும் ஹார்னஸில் எமர்ஜென்சி நடைமுறைகளை மறுபடி செய்து, பள்ளியின் பெரிய கேனபியில், காற்று குறைந்த நாளில், பயிற்றுநரோடு ஒரு ஜம்ப் போடுங்கள். விற்பவரிடம் இப்போதே பதில் சொல்லிவிடுங்கள், அவர் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். 210 சதுர அடியில் ஒரு ரிக் கண்ணில் பட்டால் அதன் மெயின், ரிசர்வ், ஏஏடி மூன்றின் தயாரிப்புத் தேதிகளையும், உங்கள் உயரத்தையும் எழுதி அனுப்புங்கள், ஹார்னஸ் பொருந்துமா என்பதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.